ஊதாப் பென்சில் கோடு

மேடையில் நின்று ஒருவரைப் புகழ்வது எனக்குக் கடினமன்று. கழுத்தில் மாலை விழுந்த முகத்தைக் கண்டவுடனே முதல் வாக்கியம் நாவில் வந்து நிற்கும். அதன் பின்னே அடைமொழிகள் அணிவகுக்கும். கைதட்டல் எங்கே எழும் என்பதையும் நான் முன்கூட்டியே அறிவேன். கல்லூரி மன்றத்தில் எந்தப் பக்கம் பேசச் சொன்னாலும் பேசி வென்றவன் நான். ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் எந்த மேடையிலும் பேசியதில்லை. இருமுறை முயன்று, இருமுறையும் வேறு பொருளுக்குத் தாவிவிட்டேன். கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதவர் அவர். அவரைப் பேசத் தொடங்கினால் என் அடைமொழிகள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. ஆகவே எழுதுகிறேன்.

பூந்தமல்லிக்குப் போகும் சாலையை ஒட்டியிருந்த மிஷன் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அறை அவருடைய பொறுப்பு. சுற்று வட்டாரத்தில் அவரைப் படக்காரம்மா என்றார்கள். அவருக்குப் பெயர் ஒன்று உண்டு, எனக்கும் தெரியும். அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அங்கே எடுப்பவை பெரும்பாலும் கால் படங்கள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நோயாளியின் பெயரையும் நாளையும் ஈய எழுத்துகளால் அடுக்கிப் பதிப்பது அவர் வழக்கம். படம் எடுத்தவர் பெயருக்கென்று மருத்துவமனை கொடுத்திருந்த எழுத்துகள் மட்டும் காகித உறை பிரியாமல் பெட்டியிலேயே கிடந்தன. கேட்டவர்களிடம், “காலு அவங்குளுது. அவங்க பேரு போதும்” என்பாராம்.

நாற்பது வயதிருக்கலாம். வெள்ளைப் புடவை, கறுப்புக் கயிற்றில் சிறு சிலுவை, காதோரம் செருகிய பென்சில். நாவில் தொட்டு எழுதினால் ஊதாவாகும் பென்சில் அது. தபால் ஆபீசில் வைத்திருப்பார்களே, அந்த வகை. ஓயாமல் அதை நனைத்து நனைத்து அவருடைய கீழுதட்டின் நடுவில் ஓர் ஊதாப் பொட்டு நிலைத்துவிட்டது. புதிதாக வருபவர்கள் அதைக் கண்டு, இந்த அம்மாளுக்கே ஏதோ நோய் போலும் என்று இரண்டடி தள்ளி உட்காருவார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் முகங்களைப் பார்ப்பவர் அல்லர். உள்ளே வருபவரின் பாதத்தைப் பார்ப்பார், பாதத்தோடு பேசுவார், போனமுறை வந்தவர் மீண்டும் வந்தால் பாதத்தைக் கொண்டே அடையாளம் கண்டுகொள்வார்.

இடக் கையில் எப்போதும் முழங்கை வரை நீண்ட தடித்த உறை ஒன்று இருக்கும். ஈயம் கலந்தது, பழையது, விரல் மடிப்புகளில் வெடித்திருந்தது. படம் எடுக்கையில் கால் அசையாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மற்ற இடங்களில் உறவினரையோ ஏவலாளையோ பிடிக்கச் சொல்வார்கள். இவர் ஒருவரையும் அருகில் விடமாட்டார். எல்லாரையும் ஈயப் பலகைக்குப் பின்னே அனுப்பிவிட்டுத் தாமே நின்று பிடிப்பார். இத்தனை ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் கால்களை அந்தக் கை பிடித்திருக்கும் என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

அவர் எங்கே படித்தார் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் வியந்திருப்பார்கள். அந்த அறையைப் பெருக்க வந்தவர் அவர். படம் எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் யுத்தத்துக்குப் போனபோது, அந்த எந்திரத்தின் குணம் அறிந்தவர் வேறு யாரும் மிஞ்சவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு விசையைக் கையில் எடுத்தவர், பிறகு அதை யாரிடமும் கொடுக்க நேரவில்லை.

அவரிடம் வந்த இருவரைப் பற்றி அங்கே எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருவர் நெல் மண்டிக்காரர். மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் கால் விரல் கறுத்திருந்தது. சம்பந்தி வீட்டாருக்குக் காட்ட நல்லதாக ஒரு படம் எடுத்துத் தரவேண்டும் என்று நயமாகக் கேட்டிருக்கிறார். “மூஞ்சிய எடுக்கற கடைக்குப் போ அண்ணாத்தே. அங்க நல்லதா எடுப்பாங்க. நான் உள்ள எடுக்கறவ” என்று அனுப்பிவிட்டார். மற்றவர் ஆவடிப் பட்டாளத்து முகாமில் லாரி ஓட்டியவர். ஊருக்குத் திரும்பவேண்டும், அதற்குக் கால் கெட்டதாகப் படம் வேண்டும் என்று கெஞ்சினார். எடுத்துப் பார்த்துவிட்டு, வருத்தம் சொல்பவரைப் போலவே, “நல்லாக் கீது. நான் இன்னா பண்ணட்டும்?” என்றாராம். லாரிக்காரர் அழுதுகொண்டே நல்ல காலால் நடந்து போனார்.

எங்களை அவரிடம் கொண்டுபோனது என் அக்காள் கணவரின் வலக் கால். மாமாவுக்குக் கோவில்பதாகை கிராமத்தில் இரண்டு காணி நிலமும் ஒரு கிணறும் இருந்தன. ஏற்றம் மிதிப்பதில் அந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கிணற்றின் மேல் நீண்டு கிடக்கும் ஏற்ற மரத்தின் மீது, கைப்பிடியைத் தொடாமல், முன்னும் பின்னுமாக அவர் நடப்பதைச் சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். சில மாதங்களாக அவர் நடுவில் இறங்கி உட்கார்ந்து பீடி பற்றவைக்கத் தொடங்கியிருந்தார். வயதாகிறது, பீடி கேட்கிறது என்று நாங்கள் கேலி செய்தோம். உண்மை தலைகீழாக இருந்தது. சிறிது நடந்தவுடன் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வலித்தது; வலி தணிய உட்கார்ந்தார்; சும்மா உட்கார்ந்தால் சோம்பேறி என்பார்களே என்று பீடியைக் கையில் எடுத்தார். அந்தப் பீடியோ உள்ளே இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டு வந்தது. வலியை மறைக்க எடுத்ததே வலியை வளர்த்தது. கட்டைவிரல் கறுத்த பிறகுதான் அக்காள் கண்டுபிடித்தாள்.

பட்டணத்திலிருந்து வாரம் இருமுறை அந்த மருத்துவமனைக்கு ஓர் அறுவை மருத்துவர் வருவார். நல்லவர், அவசரக்காரர். பார்த்தவுடன், வெட்டித்தான் ஆகவேண்டும், எங்கே வெட்டுவது என்பதை இரத்தம் எதுவரை இறங்குகிறது என்று படத்தில் பார்த்தே சொல்லமுடியும் என்றார். விரல்களோடு போனால் மாமாவுக்கு ஏற்றம் மிஞ்சும். முழங்காலுக்குக் கீழே போனால் கட்டைக்காலோடு வரப்பு மிஞ்சும். முழங்காலுக்கு மேலே போனால் வீட்டு வாசல் மட்டுமே மிஞ்சும். படம் எடுக்க வண்டியில் போகும்போது, இம்மூன்றில் எது மிஞ்சும் என்று அக்காள் என்னிடம் கேட்கவில்லை. வழி முழுதும் அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

படக்காரம்மா அந்தப் பாதத்தைப் பார்த்த விதத்தை நான் என்றும் மறவேன். எடுத்தவுடன் தொடவில்லை. துணியை விலக்கி, கால்கள் இரண்டும் அறைக் காற்றில் ஆறட்டும் என்று காத்திருந்தார். காத்திருக்கும்போதே வலக் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். குளிர்ந்த கைக்கு எந்தக் காலும் சூடாகத் தோன்றும்; ஆகவே முதலில் தம் கையைச் சமன் செய்துகொள்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. பிறகு விரல்களின் புறப்பக்கத்தால் தொடையிலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார். பேச்சு அது பாட்டுக்கு நடந்தது.

“இன்னா தொழிலு நைனா?”

“ஏத்தம்.”

“வலிச்சா இன்னா பண்ணுவ?”

“குந்திகினு ஒரு பீடி.”

அவர் ஒரு பீங்கான் தட்டை நீட்டினார். மாமா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், இடுப்பிலிருந்து பீடிக்கட்டை எடுத்து அதில் வைத்தார். எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டார்.

“காலு வேணாம்னு தோணுச்சின்னா வந்து வாங்கிக்க” என்றவர், கட்டின் மேல் ஊதாப் பென்சிலால் மாமாவின் பெயரை எழுதிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

கணுக்காலுக்குச் சற்று மேலே அவர் விரல்கள் நின்றன. பின்னுக்குப் போயின, மீண்டும் அதே இடத்தில் நின்றன. பென்சிலை நாவில் நனைத்து அங்கே குறுக்காக ஒரு கோடு போட்டார். சூடு அதுவரை இருக்கிறது, அதற்குக் கீழே இல்லை என்பது அதன் பொருள். கோட்டின் மேல் சின்னச் சின்ன ஈயக் கம்பித் துண்டுகளைப் பிளாஸ்திரியால் ஒட்டினார். தம் கை கண்ட இடம் படத்திலும் தெரியவேண்டும் என்பது அவர் ஏற்படுத்திக்கொண்ட முறை. கை ஒன்று சொல்லிப் படம் வேறொன்று சொன்னால், இரண்டும் ஒத்துப்போகும்வரை அவர் உறங்கமாட்டார் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்.

பிறகு காலை உயரத் தூக்கித் தம் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். பாதம் மெழுகுவர்த்தி போல வெளுத்தது. இறக்கிக் கட்டிலோரம் தொங்கவிட்டு, கையில் கடியாரத்தை வைத்துக்கொண்டு, நிறம் திரும்புவதைப் பார்த்திருந்தார். இமைத்தாரோ இல்லையோ, நான் காணவில்லை. வெளுப்பின் அடியில் மெல்ல மெல்ல ஒரு சிவப்பு ஊறி வந்தது. முளை மண்ணைத் திறப்பதைக் கண்கொண்டு பார்த்தவர் உண்டானால் அவர் இந்த அம்மாளாகத்தான் இருக்கவேண்டும்.

“இந்தக் காலுக்குப் பன்னண்டு” என்றார் மருத்துவரிடம். மருத்துவர் தொடையிடுக்கில் துடிக்கும் பெரிய குழாயில் ஒரு மருந்தைச் செலுத்துவார். அம்மருந்து ஓடும் வழி மட்டும் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நல்ல காலாயின் ஐந்து எண்ணுவதற்குள் மருந்து பாதத்துக்கு வந்துவிடும். இந்தக் காலில் இரத்தம் தயங்கித் தயங்கி இறங்குகிறது. பன்னிரண்டு விநாடி பொறுத்துத்தான் படம் எடுக்கவேண்டும். அதைத்தான் அவர் ஒரே எண்ணில் சொன்னார்.

கடியாரம் பார்த்து எண்ணுவது கம்பவுண்டரின் வேலை. அவரை முகாம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டுவிட்டார்கள். நான் எண்ணுகிறேன் என்று முன்வந்தேன். குரல் தெளிவாக இருக்கும் என்றும் சொன்னேன். படக்காரம்மா கடியாரத்தை என் கையில் கொடுத்து, ஈயப் பலகைக்குப் பின்னே நிறுத்தினார். “முள்ளப் பாத்து எண்ணு தம்பி” என்றார். மாமாவின் பக்கம் திரும்பி, “சுடும் நைனா. நெருப்பாட்டம் சுடும். எண்ணி முடிக்கறதுக்குள்ள போயிடும்” என்றார். உறையிட்ட இடக் கையால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். வலக் கையில் விசை. கண் பாதத்தில். வெளியே எந்திரத்துக்கு மின்சாரம் தரும் எண்ணெய் எஞ்சின் சீராகத் தடதடத்தது.

மருத்துவர் மருந்தைச் செலுத்தி, ஆயிற்று என்றார். ஒன்று என்றேன். இரண்டு என்பதற்குள் மாமா அலறினார்.

என் தகப்பனார் இறந்தபோது எங்கள் வீட்டுப் பொறுப்பைத் தூக்கிக்கொண்டவர் அவர். அவர் வாயிலிருந்து அப்படி ஓர் ஒலி வரும் என்று நான் அறிந்ததில்லை. பலகையின் விளிம்புக்கு மேல் தலையை உயர்த்தி அவர் முகத்தைப் பார்த்தேன். என் வாய் எண்ணிக்கொண்டிருந்தது. தெளிவான குரலில், பிசிறில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு என்றேன். விசை சொடுக்கிற்று.

படத்தைக் கழுவி, நீர் சொட்டச் சொட்டச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் மருத்துவர். தொடையில் வெள்ளைக் கோடாக இறங்கி வந்த குழாய், முழங்காலருகே கூம்பி, அங்கேயே முடிந்துபோயிற்று. அதற்குக் கீழே எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. வெகு தொலைவில், கணுக்காலுக்கு மேலே, ஈயக் கம்பித் துண்டுகள் மட்டும் தனியாக மின்னிக்கொண்டிருந்தன.

முழங்காலுக்கு மேலேதான் எடுக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். வாசலில் அக்காள் நின்றிருந்தாள். அவள் அழவில்லை. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“இல்லீங்கய்யா” என்றார் படக்காரம்மா.

“நீ எடுத்த படந்தானேம்மா இது?”

“படம் சரிதாங்க. மருந்து முட்டியாண்ட இருந்தப்போ எடுத்தது. அதுக்குக் கீழ போச்சா போவலயான்னு இதுல இல்ல. என் கை கணுக்கால் வரிக்கும் சூடு பாத்துது. ரெண்டும் ஒத்துப்போவல.”

பன்னிரண்டு எண்ணித்தானே எடுத்தோம், எண்ணிக்கையில் ஏதாவது கோளாறா என்று மருத்துவர் கேட்டார்.

“எண்ணது காதுல வியுந்துது. கடியாரத்த நான் பாக்கலீங்க. பாக்காதத நான் எப்பிடிச் சொல்றது?”

இதைச் சொன்னபோது அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். குற்றம் சாட்டியவரிடம் எதிர்வாதம் செய்ய எனக்குத் தெரியும். அவர் சாட்டவில்லை. காணாத ஒன்றை, என்மேல் ஐயம் இருந்தபோதும், சொல்ல மறுத்தார். ஒரு மனிதனின் கால் போகவிருந்த வேளையிலும் தம் எல்லையைத் தாண்டி ஒரு சொல் வைக்க அவர் உடன்படவில்லை. அந்த அறையில் எஞ்சினின் ஓசை தவிர வேறொன்றும் இல்லை. எத்தனை அவைகளில் எத்தனை மௌனங்களை நான் நிரப்பியிருக்கிறேன். இந்த மௌனம் எனக்காகக் காத்திருந்தது.

“நானும் கடியாரத்தைப் பார்க்கலைங்க” என்றேன். “மாமா கத்தினதும் வேகமா எண்ணிட்டேன்.”

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. படத்தை மேசைமேல் போட்டுவிட்டு முதுகைக் காட்டி நின்றார். யுத்தத்தால் கப்பல் வழி அடைபட்டிருந்த காலம். அந்த மருந்தில் இன்னும் ஒரே ஒரு குப்பிதான் இருந்தது. ஒரே நாளில் இரண்டாவது முறை செலுத்துவது உயிருக்கு ஆபத்து. பொறுத்திருந்தாலோ கறுப்பு ஏறும். இத்தனைக்குப் பிறகும் இதே படம் வந்தால் என்ன செய்வாய் என்று படக்காரம்மாவைக் கேட்டார்.

“அப்பிடி வந்தா, நீங்க சொல்ற எடத்துல நானே கோட்டப் போடறேன்.”

மூன்று நாள் பொறுப்பது என்று முடிவாயிற்று. அந்த மூன்று நாளும் காலை, நண்பகல், மாலை என்று படக்காரம்மா வார்டுக்கு வந்தார். அக்குளில் கை வைத்துச் சூடேற்றிக்கொண்டு நிற்பார், தடவுவார், கோடு அழிந்திருந்தால் அதே இடத்தில் புதுப்பிப்பார். இரண்டாம் நாள் மாலை கறுப்பு ஒரு நெல் அகலம் மேலே வந்திருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. “ஒரு நெல்லு ஏறிக்கீது. கோட்டுக்கு இன்னும் நாலு வெரல் கீது” என்றார். வந்து போன மற்றவர்கள் எல்லாரும் ஒன்றும் ஆகாது என்று சொன்னார்கள். அக்காள் அவர்களைக் கேட்கவே இல்லை. நாலு விரல் என்ற அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு அன்றிரவு உறங்கினாள்.

மூன்றாம் நாள், மாமாவை மேசையில் கிடத்தியபின், எண்ணுவதற்கு ஒரு நர்சை அழைக்கச் சொன்னார் மருத்துவர். அதற்குள் படக்காரம்மாவின் கை கடியாரத்தை என் முன்னே நீட்டியது.

“இந்தத் தம்பியே எண்ணட்டுங்க. போன தபா எங்க வுட்டுச்சின்னு அதுக்குத்தான் தெரியும்” என்றார் படக்காரம்மா.

மேசையில் கிடந்த மாமா தலையைத் திருப்பினார். “மச்சான், மேடைல ஏறுனா நீ சீக்கிரத்துல எறங்க மாட்டியே, இங்க மட்டும் இன்னா அவசரம்? ஏத்தத்து மேல நடக்கறா மாரி நட. நான் கத்துனா கத்திகினு கெடக்கறேன். நீ பாக்காத.”

மருத்துவர் கூடச் சிரித்துவிட்டார். பிறகு எஞ்சின் தடதடத்தது, ஆயிற்று என்ற சொல் வந்தது, ஒன்று என்றேன். மாமா கத்தினார். முள்ளைப் பார்த்தேன். இரண்டு. முள் நகர்வதற்கு இவ்வளவு நேரமா என்று தோன்றிற்று. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒருவர் தம் வாழ்நாளைச் சொல்லி முடித்துவிடலாம் போலிருந்தது. எட்டில் கத்தல் நின்று முனகலாயிற்று. ஒன்பது. என் காது பலகைக்கு அப்பால் தாவிற்று. கண்ணை நான் விடவில்லை. பன்னிரண்டு.

ஈரப் படத்தை இம்முறை படக்காரம்மாவே பிடித்தார். வெள்ளைக் கோடு முன்போலவே முழங்காலருகே முடிந்தது. ஆனால் முடிந்த இடத்துக்குச் சற்று மேலே, பக்கங்களிலிருந்து மெல்லிய இழைகள் கிளம்பியிருந்தன. பாகற்கொடியின் பற்றுச் சுருளைப் போலச் சுருண்டு சுருண்டு, அடைப்பைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி, கெண்டைக்காலில் ஒன்றுகூடி, நூலளவு ஒரே கோடாகி, கணுக்காலுக்கு வந்து, ஈயத் துண்டுகளைத் தொட்டு நின்றன. அவர் கை எங்கே நின்றதோ அங்கே.

பெருவழி அடைபட்டபோது யாரும் சொல்லாமலே இரத்தம் தனக்கு வேறு வழி வெட்டிக்கொண்டிருந்தது. அந்த ஏற்றக்காரரின் சதைக்குள், அவரும் அறியாமல், மாதக்கணக்கில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. அதை நான் கண்ணால் கண்டேன். அதைக் காண்பதற்கு முன்பே ஒருவர் விரலின் புறத்தால் அறிந்திருந்தார் என்பதையும் கண்டேன். இவ்விரண்டில் எது பெரிய வியப்பு என்று இன்றும் என்னால் தீர்ப்புக் கூறமுடியவில்லை.

“சுத்திகினு போயிருக்குது” என்றார் படக்காரம்மா. அவ்வளவுதான். என் கை சொன்னதே என்று சொல்லவில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. படத்தை உலரப் போட்டுவிட்டு, மாமாவின் காலிலிருந்து கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பெட்டியில் போடத் தொடங்கினார்.

இடுப்பருகே ஏதோ நரம்பை வெட்டினால் குழாய்கள் விரியும் என்று மருத்துவர் அதைச் செய்தார். கறுத்த இரண்டு விரல்களை எடுத்தார். கணுக்கால் கோட்டில் கத்தி படவில்லை; அது வெறும் கோடாகவே தப்பியது. அடுத்த பருவத்தில் மாமா ஏற்றத்தின் மேல் ஏறினார், கைப்பிடியைத் தொடாமல் நடக்க முடியவில்லை, பிடித்துக்கொண்டு நடந்தார்.

வீடு திரும்பும் நாளில் அக்காள் படக்காரம்மாவின் காலில் விழுந்தாள். அவர் குனிந்து, விழுந்தவளின் காலைப் பார்த்தார். “குதிகாலு வெடிச்சிகினு கீது பாரு. சேத்துல போவச்சொல்லோ எண்ண தடவிகினு போ” என்றார். அக்காள் அழுகையும் சிரிப்புமாக எழுந்தாள்.

அதற்குப் பிறகு நான் அவரை ஒரே ஒருமுறை பார்த்தேன். மாமா தம் கொல்லையில் காய்த்த பூசணிக்காயைக் கொடுத்தனுப்பியிருந்தார். மழைக்காலத்துப் பிற்பகல். அறையில் நோயாளி யாரும் இல்லை. கண்ணாடி அலமாரியில் பீடிக்கட்டு ஊதாப் பெயரோடு அப்படியே இருந்தது. அவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இடக் கையில் உறை இல்லை.

அந்தக் கையை நான் முதன்முறையாகக் கண்டேன். படம் எடுக்கும் கதிர் ஆண்டுக்கணக்கில் பட்டுப்பட்டுத் தோல், காய்ந்த மாங்காய்த் தோலைப் போலச் சுருங்கிப் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. நகங்கள் இல்லை. சுட்டுவிரலின் நுனி கரியாக இருந்தது. மாமாவின் கணுக்காலை இருமுறை பிடித்த கை அது. நான் பலகைக்குப் பின்னே பத்திரமாக நின்று வேகமாக எண்ணிய அந்த முதல் முறையும் அதில் சேர்த்தி.

மறுநாள் மருத்துவர் வந்து அந்தச் சுட்டுவிரலை எடுக்கப் போவதாகப் படக்காரம்மா சொன்னார். எங்கே எடுப்பது என்று குறித்து வைக்கச் சொல்லியிருந்தாராம். சொல்லிவிட்டுக் கடியாரத்தை என் பக்கம் தள்ளினார்.

“நர்சம்மாவக் கூப்புடட்டுமா?” என்றேன்.

“வேணாம். அவங்க எனக்காகப் பாப்பாங்க. நான் பாத்தாலும் எனக்கு நல்லதாத்தான் தெரியும். நீ பாரு தம்பி. முள்ளப் பாத்து எண்ணு.”

கையைத் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். எண்ணினேன். போதும் என்றவுடன் கையை மேசைமேல் இறக்கி என் முன்னே விரித்தார். வெளுத்துக் கிடந்த விரல்களில் சிவப்பு ஊறத் தொடங்கிற்று. மணிக்கட்டு, புறங்கை, விரலடி. மற்ற விரல்களில் ஏறிற்று. சுட்டுவிரலில் முதல் கணுவைத் தாண்டிற்று, தயங்கிற்று. நான் காத்திருந்தேன். முள் ஒரு முழுச் சுற்று வந்தது. சிவப்பு அதற்கு மேல் நகரவில்லை.

பென்சிலைத் தம் நாவில் நனைத்து என்னிடம் கொடுத்தார். கண்ணைத் திறக்கவில்லை.

என் கை நுனியை நோக்கிப் போக விரும்பியது. ஒரு நெல் அகலம், இரண்டு நெல் அகலம், அவ்வளவு கருணை யாருக்குக் கேடு என்று எனக்குள்ளே ஒரு வாதம் எழுந்தது, நல்ல வாதம், எந்த அவையிலும் வெல்லக்கூடியது. நிறம் நின்ற இடத்தைப் பார்த்தேன். இரண்டாம் கணுவுக்குக் கீழே, அது நின்ற இடத்திலேயே, கோட்டைப் போட்டேன்.

அவர் கண்ணைத் திறந்து, கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“நானா இருந்தா நுனிப்பக்கமா போட்டிருப்பேன்” என்றார். பென்சிலை வாங்கிக் காதோரம் செருகிக்கொண்டார்.